ஓடிஸுக்கு ஊசி வைக்கும் முன்

அன்புள்ள மீனா,

உன் மெயில் வந்தது. டிசம்பர் 10 சாயங்காலம் மேடிசனில் அமெரிக்க சோல் பாடகன் ஓடிஸ் ரெட்டிங்கின் ரசிகர்கள் ஒரு வீட்டில் கூடுகிறார்கள், முக்கால் மணி நேரம் ரெக்கார்டு போடும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது, ‘ஒரு லிஸ்ட் மட்டும் அனுப்பும்மா’ என்று கேட்டிருக்கிறாய். லிஸ்ட் பத்துப் பன்னிரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள் என்கிறாயே, அவர்களுக்கு எந்தப் பாட்டில் எந்த நொடியில் டிரம் நுழைகிறது என்பது மனப்பாடம். வேறு பிரதியைப் போட்டால் முதல் வரியிலேயே கண்டுபிடித்து விடுவார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

செத்தபோது ஓடிஸுக்கு வயது 26. உன்னைவிடச் சின்னவன். அதனால்தான் எனக்கு ‘அவர்’ என்று எழுத வருவதில்லை.

பேச்சு எப்படியும் ஏரியில்தான் ஆரம்பிக்கும். 1967 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. க்ளீவ்லாண்டில் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு, கோர்ஹாம் தெருவில் இருந்த ‘த ஃபேக்டரி’ என்ற கிளப்பில் பாட உங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தான். பீச்கிராஃப்ட் 18 என்கிற இரட்டை எஞ்சின் விமானம், மழை, மூடுபனி. மாலை மூன்றரை மணிவாக்கில் மொனோனா ஏரியில் விழுந்தது. காரணம் கடைசிவரை தெரியவில்லை. இதை எல்லோரும் சொல்வார்கள். சொல்ல மறந்துபோவது கூட இருந்த பையன்களை. அவனுக்குப் பின்னால் வாசித்த பார்-கேஸ் குழுவின் ஜிம்மி கிங், ரானி கால்ட்வெல், ஃபேலன் ஜோன்ஸ், கார்ல் கன்னிங்ஹாம் நான்கு பேரும் போய்விட்டார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். உதவியாளன் மேத்யூ கெல்லியும் விமானி ரிச்சர்ட் ஃப்ரேஸரும் அதோடு. டிரம்பெட்காரர் பென் காலி ஒருவர்தான் பிழைத்தார். நீச்சல் தெரியாதவர், சீட் குஷனைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார். பாஸ் வாசிக்கும் ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் அந்த விமானத்தில் இடம் இல்லாமல் வேறு விமானத்தில் வந்ததால் தப்பித்தார்.

அதனால் நீ முதலில் போட வேண்டியது ஓடிஸ் பாட்டே இல்லை. பார்-கேஸ் 1967-இல் வெளியிட்ட ‘சோல் ஃபிங்கர்’. ஆட்கள் கோட்டைக் கழற்றி, நாற்காலி இழுத்து உட்காருகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும், இரண்டேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ‘மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்’ மெட்டை டிரம்பெட் கிண்டலாக ஊதி ஆரம்பிக்கும். அது பென் காலி. பின்னால் கத்துகிற குழந்தைகள் ஸ்டூடியோ வாசலில் சுற்றிக்கொண்டிருந்த தெருப் பிள்ளைகள். கூலி ஆளுக்கொரு கோகோ கோலா. அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் பெரியவர்கள் முகம் மாறும், பார்.

இனி முக்கியமான விஷயம். ரசிகர்கள் அவன் குரலைப் பற்றியே பேசுவார்கள்: கரகரப்பு, கெஞ்சல், கடைசி நிமிடத்தில் வார்த்தை உடைந்து சிதறுவது. எல்லாம் உண்மைதான். ஆனால் என் கணக்கில் ஓடிஸ் பாதி பாடகன், பாதி ஹார்ன் அமைப்பாளன். ஹார்ன் என்றால் டிரம்பெட், ஸாக்ஸஃபோன் மாதிரி ஊதுகிற வாத்தியங்கள். அவன் ரெக்கார்டுகளில் பெரும்பாலும் கோரஸ் பாடகிகளே கிடையாது. அதே காலத்து டெட்ராய்ட் பாட்டுகளை எடுத்துப் பார், பின்னால் மூன்று பெண்கள் ‘ஊ’ சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஓடிஸிடம் அந்த வேலையை ஒரு டிரம்பெட்டும் இரண்டு ஸாக்ஸஃபோனும் செய்தன. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்தும்போது பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறாரே, அதேதான். அவனுக்கு அது ஜார்ஜியாவில், மேக்கன் ஊர் பாப்டிஸ்ட் கோயிலில் வந்த பழக்கம். இசைக் குறிப்பு எழுதத் தெரியாது. டிரம்பெட்காரர் வெய்ன் ஜாக்சன், ஸாக்ஸ்காரர் ஆண்ட்ரூ லவ் ஆகியோர் முன்னால் நின்று ஒவ்வொருவர் வாசிக்க வேண்டியதையும் வாயாலேயே பாடிக் காட்டுவான். ‘ஃபா-ஃபா-ஃபா-ஃபா-ஃபா’ என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அதில் அவன் பாடுகிற ‘ஃபா ஃபா’ அப்படி ஹார்னுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாய்ச்சத்தமேதான். அவன் பாட, ஹார்ன் அதைத் திருப்பி ஊதும். யாராவது ‘ஏன் இவ்வளவு பிடிக்கும்?’ என்று கேட்டால் விளக்கம் சொல்லாதே, இந்தப் பாட்டைப் போடு.

ரெக்கார்டு பதிந்த இடத்தையும் தெரிந்துகொள், காதுக்கு உதவும். மெம்ஃபிஸில் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்திய ஸ்டாக்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனி. ஒரு பழைய சினிமா தியேட்டர். டிக்கெட் கவுன்டர் பக்கம், தின்பண்டம் விற்ற இடத்தில் ரெக்கார்டு கடை. திரை இருந்த மேடையில் கண்ட்ரோல் ரூம். நாற்காலிகளைப் பிடுங்கியெறிந்தார்கள், ஆனால் சரிந்திருந்த தரையைச் சமப்படுத்தக் காசு இல்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சரிவும் உயரமான கூரையும் கொடுத்த எதிரொலிதான் நீ கேட்கிற காற்றோட்டம். 1965 வரை ஒற்றை டிராக் மோனோ மெஷின். பாடகர், டிரம், ஹார்ன் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே டேப்பில். கடைசி வரியில் ஸாக்ஸ் பிசகினாலும் முதலிலிருந்து மறுபடி. அதனால் யாரும் தேவைக்கு மேல் ஒரு சுரம் வாசிக்க மாட்டார்கள். டிரம்காரர் ஆல் ஜாக்சனின் ஸ்னேர் டிரம் அடி ஒரு நூலிழை தாமதமாக விழும், ஸ்டீவ் க்ராப்பரின் கிட்டார் வெட்டும் அதோடு சேர்ந்தே விழும். மெட்ரோனோம் வைத்து வாசிப்பவர்களுக்கு இது பிடிபடாது.

இப்போது வரிசைக்கு வருகிறேன்.

‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’, 1962, ஸ்டாக்ஸின் துணை லேபிளான வோல்ட்டில் 103-ஆம் எண். ஓடிஸ் அன்றைக்கு மெம்ஃபிஸ் வந்தது பாடுவதற்கு இல்லை. ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டார்காரரை காரில் ஓட்டிக்கொண்டு வந்தவன். ஜென்கின்ஸின் பதிவு சரிவரவில்லை, கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது, ‘இந்தப் பையன் ஒரு பாட்டு பாடட்டுமே’ என்றார்கள். கீபோர்டுக்காரர் புக்கர் டி. ஜோன்ஸ் அதற்குள் கிளம்பிவிட்டதால் கிட்டார்காரர் க்ராப்பர் பியானோவில் உட்கார்ந்தார். பியானோவைக் கவனி, ஒரு அடிக்கு மூன்று தட்டு, தொடர்ந்து, எந்த அலங்காரமும் கிடையாது. ஓடிஸ் கேட்டது கோயிலில் வாசிப்பார்களே அந்த மாதிரி. இதில் ஹார்ன் இல்லை என்பதையும் கவனி. பின்னால் வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

அடுத்து ‘மிஸ்டர் பிட்டிஃபுல்’. எப்போது பார்த்தாலும் அழுது பாடுகிறான் என்று மெம்ஃபிஸ் ரேடியோக்காரர் ஒருவர் வைத்த பட்டப்பெயர். அதையே பாட்டாக்கிவிட்டான். ஹார்ன் முதல் அடியிலேயே குதித்து உள்ளே வரும், ‘ஆர்ம்ஸ்’ பாட்டில் தூங்கிவிட்டவர்களை எழுப்பிவிடும்.

மூன்றாவது ‘ஐவ் பீன் லவ்விங் யூ டூ லாங்’. இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். ஏப்ரல் 1965-இல் பாடியது சிங்கிளாக வந்தது, மோனோ. பிறகு அட்லாண்டிக் ரெக்கார்டு கம்பெனியிலிருந்து ஒலிப்பதிவு எஞ்சினியர் டாம் டவ்ட் வந்து இரண்டு டிராக் மெஷின் பொருத்தினார். ஜூலையில் ‘ஓடிஸ் ப்ளூ’ ஆல்பம் எடுத்தபோது இதையும் ஸ்டீரியோவுக்காக மறுபடி பாடினான். ஆக ஸ்டீரியோ ஆல்பத்தில் இருப்பது வேறு பதிவு. அதுவும் நல்ல பாட்டுதான், ஆனால் 1965-இல் ரேடியோவில் கேட்டு மனதில் தங்கவைத்தவர்களுக்கு அது ‘வேறு ஏதோ’. சிங்கிளையே போடு. 45 (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடுகிற சின்ன சிங்கிள் ரெக்கார்டு) கிடைக்காவிட்டால் 1959–1968 ஸ்டாக்ஸ்/வோல்ட் சிங்கிள்கள் எல்லாம் அடங்கிய 9 சிடி பெட்டி ஒன்று 1991-இல் வந்தது. பெரிய ஊர் நூலகங்களில் இருக்கலாம், கேட்டுப் பார். பாட்டின் கடைசிப் பகுதியில் ஹார்ன்கள் படி ஏறுவதுபோல ஒவ்வொரு சுரமாக மேலே போகும். அவன் அந்த ஏற்றத்துக்கு ஒரு படி பின்தங்கியே பாடுவான். அந்த இடத்தில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்.

‘ஓடிஸ் ப்ளூ’விலிருந்து மூன்று பாட்டு எடுத்துக்கொள். ஜூலை 9, 10 ஆகிய இரண்டு நாளுக்குள், சுமார் ஒரு நாள் நேரத்தில், பதினொரு பாட்டும் முடிந்தது. நடுவில் ராத்திரி வாத்தியக்காரர்கள் கிளப்பில் வாசிக்கப் போய்விட்டு, விடியற்காலை திரும்பி வந்து தொடர்ந்திருக்கிறார்கள். முதலில் ‘சேஞ்ச் கானா கம்’. இது சோல் பாடகர் ஸாம் குக் பாட்டு. அவர் அதற்கு ஏழு மாதம் முன்பு, 1964 டிசம்பர் 11-இல் சுடப்பட்டு இறந்திருந்தார். ஓடிஸ் அவர் பாட்டுகள் மூன்றை இந்த ஆல்பத்தில் வைத்தான். உன் கூட்டத்துக்கு அடுத்த நாள் ஸாமின் நினைவு நாள் என்பதையும் ஒரு வரி சொல். ஸாமின் பதிவில் வயலின் வாத்தியக் கூட்டம் இருக்கும். ஓடிஸ் அதை எடுத்துவிட்டு ஹார்ன் வைத்தான், வரிகளையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டான். நாலேகால் நிமிடம், கனமான பாட்டு. இதன் பின்னால் உடனே ‘ரெஸ்பெக்ட்’ போடு, இரண்டே நிமிடம்தான்.

‘ரெஸ்பெக்ட்’ போட்டதும் யாராவது இளசு ஒன்று ‘இது அரீதா பாட்டு இல்லையா?’ என்று கேட்கும். எழுதியது ஓடிஸ், 1965. அரீதா ஃப்ராங்க்ளின் பாடியது 1967. எழுத்துக் கூட்டிச் சொல்கிற இடம் ஓடிஸ் பதிவில் கிடையாது, அது அரீதா சேர்த்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஆண் கேட்கிற மரியாதையை, அவள் பெண் கேட்கிற மரியாதையாக மாற்றிவிட்டாள். அதற்குப்பின் பாட்டு அவளுடையதாகிவிட்டது, ஓடிஸே மான்டெரே இசை விழா மேடையில் ஒரு பெண் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எது சிறந்தது என்ற சண்டையில் நீ இறங்காதே, முடியாது.

மூன்றாவது ‘ஸாட்டிஸ்ஃபாக்‌ஷன்’. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுதான். அசலில் கிட்டார் வாசிக்கிற அந்த மூன்று சுர மெட்டை இங்கே ஹார்ன் ஊதும், இவ்வளவுதான் மாற்றம், ஆனால் பாட்டே வேறாகிவிட்டது. வார்த்தைகளை அவன் சரியாகப் படித்த மாதிரியும் தெரியாது. பெரியவர்கள் அதற்காகவே சிரிப்பார்கள்.

பிறகு ‘ஃபா-ஃபா’, அதன்பின் கார்லா தாமஸுடன் பாடிய ‘ட்ராம்ப்’. அவள் இவனை ஜார்ஜியாக் காட்டான், பட்டிக்காட்டான் என்று திட்டுவாள், இவன் எத்தனை கார் வைத்திருக்கிறேன் தெரியுமா என்று அளப்பான். சண்டை பாதிக்கு மேல் அந்த நேரத்தில் வாயில் வந்ததுதான். கூட்டம் கொஞ்சம் இளகட்டும். ஏனென்றால் அடுத்தது ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்’.

இதை அவசரப்படாமல் சொல்கிறேன், ஏனென்றால் ஓடிஸ் ரசிகர்களுக்கு இது உச்சம். பாட்டு 1932-ஆம் வருஷத்தியது. பிங் க்ராஸ்பி போன்றவர்கள் தாலாட்டு மாதிரி பாடிவைத்தது. ஓடிஸ் 1966 செப்டம்பரில் எடுத்தான். மூன்று ஹார்ன் ஒன்றையொன்று பின்னி இறங்குகிற தொடக்கம் ஐசக் ஹேய்ஸ் அமைத்தது. முதல் சரணத்தில் டிரம் கிட்டத்தட்ட இல்லை. இரண்டாவது சரணத்தில் ஆல் ஜாக்சன் ஸ்னேரின் விளிம்பில் குச்சியை வைத்து ‘டிக் டிக் டிக் டிக்’ என்று தட்ட ஆரம்பிப்பார், சத்தமே அதிகம் இருக்காது. பாட்டு அதே மெதுவில்தான் போகிறது, ஆனால் அந்த டிக் இரட்டை வேகத்தில் ஓடுகிறது. இனி என்ன ஆகப்போகிறது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. பிறகு புக்கர் டி.யின் ஆர்கன், க்ராப்பரின் கிட்டார் வெட்டு, டக் டன்னின் பாஸ் மேலே ஏறுவது, ஹார்ன் அடுக்கடுக்காக வருவது, கடைசியில் முழு டிரம். ஓடிஸ் அந்த நேரத்தில் வார்த்தைகளை விட்டுவிட்டு ‘காட்டா, காட்டா, நா நா நா’ என்று வெறும் அசைகளுக்கு வந்துவிடுவான். வால்யூமை அந்த டிக் சத்தம் தெளிவாகக் கேட்கிற அளவுக்கு முதலிலேயே வைத்துவிடு. நடுவில் கூட்டவே கூடாது. நடுவில் கூட்டினால் ஏற்றம் உன்னுடையதாகிவிடும், அவர்களுடையதாக இருக்காது. முடிந்ததும் உடனே அடுத்ததை வைக்காதே. அரை நிமிடம் சும்மா விடு, அவர்களே பேசுவார்கள்.

அந்தப் பேச்சு மான்டெரேக்குப் போகும். 1967 ஜூன் 17, சனி இரவு, கலிஃபோர்னியா. பச்சை சூட். ஐந்தே பாட்டு, இருபது நிமிடம் போல. கடைசிப் பாட்டு இதே ‘டெண்டர்னெஸ்’. தெற்கிலும் கறுப்பர் அரங்குகளிலும் மட்டும் தெரிந்திருந்தவன், அந்த இருபது நிமிடத்தில் ராக் கேட்கிற வெள்ளைப் பிள்ளைகளுக்கும் சொந்தமாகிவிட்டான் என்பார்கள். ஓரளவுக்குச் சரி. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பே ஸ்டாக்ஸ் கூட்டத்தோடு லண்டன், பாரிஸ் போய் அரங்கம் அரங்கமாக நிரப்பிவிட்டு வந்திருந்தான். அந்த வருஷம் மெலடி மேக்கர் என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகையின் வாசகர்கள் எல்விஸைத் தள்ளிவிட்டு இவனை உலகின் முதல் பாடகனாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டன்காரர் யாராவது கூட்டத்தில் இருந்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

இப்போது ‘டாக் ஆஃப் த பே’. எல்லோரும் இதைக் கடைசியில் வைப்பார்கள். நீ கடைசியில் வைக்காதே. காரணம் சொல்கிறேன். இது அவன் வழக்கமான பாட்டே அல்ல. கெஞ்சல் இல்லை, உடைப்பு இல்லை, உட்கார்ந்து பேசுகிற குரல். 1967 இலையுதிர் காலத்தில் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சில வாரம் வாய் திறக்காமல் இருந்து, திரும்பி வந்த குரல் அது. இதைக் கடைசியில் போட்டால், சாவுக்கு முன் பாடிவிட்டுப் போனான் என்ற சோகக் கதையாகவே கூட்டம் கலையும். அவனுக்கோ அது புதிதாக ஒன்றை ஆரம்பித்த பாட்டு.

கிட்டார் தெரிந்த உன் ரூம்மேட்டுக்கு இதைக் காட்டு: ஜி, பி, சி, ஏ. சரணத்தின் நான்கு கார்டும் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) மேஜர். முறைப்படி படித்தவர்கள் இரண்டாவது, நான்காவது இடத்தில் மைனர் போட்டுவிடுவார்கள், பாட்டு உடனே செத்துவிடும். ஓடிஸ் கிட்டாரை ஓபன் ட்யூனிங்கில், அதாவது சும்மா மீட்டினாலே ஒரு மேஜர் கார்டு வரும்படி சுருதி வைத்து, ஒரே விரலை ஆறு தந்தியிலும் அழுத்தி மேலும் கீழும் நகர்த்துவான். அப்படி வாசித்தால் எல்லா கார்டும் மேஜராகத்தான் வரும். கைக்கு எது வந்ததோ அதுவே மெட்டு. சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஸாஸலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது ஆரம்பித்து, க்ராப்பரோடு மெம்ஃபிஸில் முடித்து, நவம்பர் 22-இல் பதிந்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் மிச்ச வேலை. அலைச் சத்தமும் கடல்பறவைச் சத்தமும் அவன் இறந்த பிறகு க்ராப்பர் மிக்ஸ் செய்யும்போது சேர்த்தவை. மெம்ஃபிஸில் ஒரு ஜிங்கிள் கம்பெனியிலிருந்து வாங்கி வந்தது. முடிவில் வரும் சீட்டியைப் பற்றி நூறு கதை சொல்வார்கள். அந்த இடத்தில் ஏதோ பேசுவதாக இருந்து, மறந்துபோய்ச் சீட்டியடித்தான் என்பது க்ராப்பர் சொல்லி வந்தது. ஆரம்ப டேக்குகளும் பின்னாளில் வெளிவந்தன, அவற்றில் சீட்டி தடுமாறும். 1968 ஜனவரியில் சிங்கிள் வந்தது, மார்ச்சில் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம். பாடகன் இறந்த பிறகு அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த முதல் பாட்டு இதுதான்.

அதனால் ‘டெண்டர்னெஸ்’ஸுக்குப் பின், கூட்டம் பேசி ஓய்ந்ததும் ‘டாக்’கை வை. கடைசியாக ‘ஐவ் காட் ட்ரீம்ஸ் டு ரிமெம்பர்’. இதுவும் அதே கடைசி மாதங்களில் பதிந்தது, ஆனால் பழைய ஓடிஸ், ஹார்னோடு. வரிகளில் அவன் மனைவி ஸெல்மாவுக்குப் பங்கு உண்டு, பெயரும் எழுத்தாளர் வரிசையில் இருக்கிறது. இதை ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போடு.

மொத்தம் பன்னிரண்டு பாட்டு. பாட்டு மட்டும் 35 நிமிடம் போல வரும், ஒவ்வொரு ரெக்கார்டு மாற்றவும் முக்கால் நிமிடம், ஆக நாற்பத்தைந்துக்குள் அடங்கும்.

இனி சாமான்கள். அங்கே யாரோ தங்கள் 45-களைக் கொடுக்கிறேன் என்றிருக்கிறார்களாமே, முதலில் ஓட்டையைப் பார். நடு ஓட்டை பெரியது, 38 மில்லிமீட்டர், அடாப்டர் வேண்டும். மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒரு டாலருக்கும் குறைவு, நாலைந்து வாங்கி வை. அவசரத்தில் ஒன்று எங்காவது உருண்டு ஓடிவிடும். பிறகு ரெக்கார்டின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தட்டு. மந்தமான சத்தம் வந்தால் வினைல். கணீரென்று கூர்மையாக வந்தால் ஸ்டைரீன் என்கிற வேறு பிளாஸ்டிக். அந்தக் காலத்தில் சில ஆலைகள் செலவு குறைக்க ஸ்டைரீனில் அச்சிட்டன. ஸ்டைரீனில் ஆல்கஹால் கலந்த எந்தக் கிளீனரும் படக்கூடாது, பரப்பு வெளுத்துப் பாழாகிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மைக்ரோஃபைபர் துணி, வரிப்பள்ளம் போகும் திசையிலேயே துடை, லேபிள் நனையாமல். அதே தண்ணீரில் சோப்பில்லாமல் இன்னொரு முறை. ஊசியை வைத்துவிட்டு ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டாதே. ரேடியோக்காரர்கள் அப்படிச் செய்துதான் பழைய சிங்கிள்களின் முதல் ஐந்து நொடியில் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் நிரந்தரமாகிவிட்டது. முன்னாலேயே எல்லாவற்றின் தொடக்கத்தையும் ஒரு தடவை கேட்டுவிடு. ‘டெண்டர்னெஸ்’ தொடக்கத்து ஹார்ன் அந்த இரைச்சலில் முங்கினால் அந்தப் பிரதி வேண்டாம்.

சிங்கிள்கள் மோனோ. ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) மோனோ பட்டன் இருந்தால் அழுத்திவிடு. மோனோ பள்ளத்தில் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசைய வேண்டும். தூசியும் கீறலும்தான் மேலும் கீழும் ஆட்டுகிறது. இரண்டு சேனலையும் ஒன்றாக்கினால் அந்த மேல்கீழ் சத்தம் தானாகக் கழிந்துவிடும், கீறல் பாதியாகக் குறையும். பட்டன் இல்லையென்றால் இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்க்கிற ஒய் கேபிள் போதும். ஆல்பம் வாங்கும்போது முதல் ஆல்பமான ‘பெய்ன் இன் மை ஹார்ட்’டின் ஸ்டீரியோ பிரதியைத் தொடாதே. மோனோ டேப்பை எலக்ட்ரானிக்காகப் பிரித்துப் பண்ணிய போலி ஸ்டீரியோ, குரல் உள்ளீடற்றுக் கேட்கும். ‘ஓடிஸ் ப்ளூ’வுக்கு இரண்டும் சேர்ந்த 2008 பதிப்பு உண்டு, அது பத்திரமான தேர்வு. ஸ்டாக்ஸ் பெயர் போட்டிருந்தாலும் 1968 மே வரை வந்த பதிவுகளின் மாஸ்டர் உரிமை அட்லாண்டிக் பக்கம் போய்விட்டது, ஒப்பந்தத்தில் இருந்ததை ஜிம் ஸ்டூவர்ட் கவனிக்கவில்லை. அதனால்தான் மறுபதிப்புகளில் ரைனோ, அட்லாண்டிக் பெயர் இருக்கும். அது போலி என்று நினைத்துவிடாதே.

ஊசி எடை சாதாரண கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்தியிருக்கிற முனை) 1.8 முதல் 2.2 கிராம். கார்ட்ரிட்ஜ் தாளில் எழுதியிருப்பதுதான் கடைசி வார்த்தை. குறைவாக வைத்தால் ரெக்கார்டு தேயாது என்பது தப்பு, எடை குறைந்தால் ஊசி பள்ளத்தில் துள்ளி சுவரை உடைக்கும். ஓடிஸின் உச்சக் குரல் கரகரவென்று பிளந்து கேட்டால் முதலில் இதைத்தான் சந்தேகப்படு, ஸ்பீக்கரை அல்ல. ‘ம்ம்ம்’ என்று தொடர் இரைச்சல் வந்தால் டர்ன்டேபிளின் மெல்லிய கிரவுண்ட் வயர் ஆம்பில் மாட்டப்படவில்லை என்று அர்த்தம். ஆம்பில் ஃபோனோ இன்புட் இல்லாமல் ஆக்ஸ் மட்டும் இருந்தால் நடுவில் ஒரு ப்ரீஆம்ப் வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் மெலிந்து, பாஸே இல்லாமல் வரும். டக் டன் காணாமல் போய்விடுவார்.

மத்தியானம் எல்லோரும் மொனோனா டெரஸ் மாடித் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்றாயே. ஓடிஸின் நினைவுப் பலகையும் பெஞ்சுகளும் அங்கேதான். குளிர்காலத்தில் மாடி திறந்திருக்கும் நேரம் மாறும், போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போ. ஏரிக்காற்று காதைக் கிழிக்கும், குல்லாய் போடாமல் நிற்காதே. குளிரில் கிடந்த ரெக்கார்டைக் கொண்டுவந்ததும் ஊசி வைக்காதே, மேலே ஈரம் பூத்திருக்கும். உறையிலிருந்து எடுத்து அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, காய்ந்த பிறகு போடு. காரில் ரெக்கார்டு இருந்தால் பெட்டியோடு வீட்டுக்குள் முதலில் அதை எடுத்து வை, பிறகு கோட்டைக் கழற்று.

‘சோல் ஃபிங்கர்’ அங்கே யாரிடமும் இல்லையென்றால் உடனே எழுது.

அன்புடன்,
அம்மா